டிரைவர் பட்டியல்கள் ஏன் தப்பாகப் போகின்றன: என் பழைய பதிவுக்கு ஒரு விமர்சனம்

மூன்று வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு பதிவு எழுதியிருந்தேன். '12,000 ரூபாய்க்குள் வீட்டிலேயே ஹை-ஃபை ஸ்பீக்கர்: எந்த டிரைவர் வாங்கலாம்?' என்பது தலைப்பு. இந்தத் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட பதிவுகளில் அதுவும் ஒன்று. நான்கு ஊஃபர், நான்கு ட்வீட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரிக் குறிப்பு, கடைசியில் 'என் தேர்வு' என்று ஒரு ஜோடி. படிக்க நன்றாகத்தான் இருந்தது.

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதினார். அந்த 'என் தேர்வு' ஜோடியை அப்படியே வாங்கி, 15 லிட்டர் பெட்டி செய்து, டேட்டா ஷீட்டில் இருந்த எண்களைப் போட்டு போர்ட் கணக்கு பார்த்து, கடையில் கிடைத்த ரெடிமேட் கிராஸ்ஓவர் போர்டை மாட்டியிருக்கிறார். மொத்தச் செலவு 11,000 ரூபாய். விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம். "சார், பாட்டு கேக்கவே முடியல. ஸ, ஷ வந்தா காதுல குத்துது. மிருதங்கத்துல தொப்பி மட்டும் தனியா ஊதுது. அம்மா ஆஃப் பண்ணச் சொல்றாங்க. நான் எங்க தப்பு பண்ணேன்?"

அவர் தப்பு பண்ணவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து அளந்தோம். ஒட்டும் வேலை, அறுக்கும் வேலை எல்லாம் நான் செய்வதைவிடச் சுத்தம். தப்பு என் பட்டியலில் இருந்தது. அதனால் இந்த முறை விமர்சனம் வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான். ஆனால் நான் செய்த பிழைகள் எனக்கு மட்டும் உரியவை அல்ல. 'பட்ஜெட்டில் சிறந்த டிரைவர்' என்று வருகிற பெரும்பாலான பட்டியல்கள் இதே மூன்று இடத்தில்தான் வழுக்குகின்றன. ஒன்று, அச்சடித்த எண்ணை அப்படியே நம்புவது. இரண்டு, டிரைவரைத் தனியாக மதிப்பிடுவது. மூன்று, மீதிச் செலவை மறந்துவிட்டு டிரைவருக்கே பணத்தைக் கொட்டுவது.

முதல் பிழை: காகிதத்தை நம்பியது

ஊஃபரின் டேட்டா ஷீட் சொன்னது இது: ஒத்ததிர்வு எண் (எஃப்எஸ்) 45 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, க்யூஇஎஸ் 0.5, விஏஎஸ் 24 லிட்டர், சென்சிட்டிவிட்டி 92 டெசிபல், 80 வாட்ஸ். ஆறரை இன்ச், 8 ஓம், காகிதக் கூம்பு. விலைக்கு அருமையான எண்கள். நான் அதைத்தான் எழுதினேன்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தவை என்று தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. காயிலும் காந்தமும் வைத்த இன்றைய மாதிரி ஸ்பீக்கரை ரைஸ், கெல்லாக் இருவரும் 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பெட்டி செய்வது பெரும்பாலும் கைப்பழக்கமாகவே இருந்தது. 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிய கட்டுரையும், 1970-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய கட்டுரைகளும் அதைக் கணக்காக மாற்றின. டிரைவரைப் பற்றிச் சில எண்கள் தெரிந்தால் போதும், எந்த அளவு பெட்டியில் எப்படிப்பட்ட பேஸ் வரும் என்று மரம் அறுக்கும் முன்பே சொல்லலாம். இன்று நாம் வின்ஐஎஸ்டி போன்ற மென்பொருளில் எண்ணைத் தட்டி வரைபடம் பார்க்கிறோமே, அதன் உள்ளே ஓடுவது இந்த இருவரின் கணக்குதான்.

கணக்கு சரி. உள்ளே போகிற எண் சரியா என்பதுதான் கேள்வி.

ஈரோட்டுத் தம்பியின் ஊஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றி, கணினியின் சவுண்ட் கார்டு, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ மென்பொருள் இவற்றை வைத்து இம்பீடன்ஸ் அளந்தோம். எஃப்எஸ் 62 ஹெர்ட்ஸ். க்யூடிஎஸ் 0.62. பிறகு நகைக்கடைத் தராசில் நிறுத்துக் கொண்டுவந்த 10 கிராம் களிமண்ணைக் கூம்பின் மேல் வட்டமாக ஒட்டி மறுபடி அளந்தோம். 62 ஹெர்ட்ஸ் 47-க்கு இறங்கியது. அதிலிருந்து கணக்கு போட்டால் அசையும் எடை 13 கிராம், விஏஎஸ் சுமார் 12.6 லிட்டர். (களிமண்ணுக்குப் பதிலாக நாணயம் வைக்காதீர்கள். சில நாணயங்களைக் காந்தம் இழுக்கும், அளவு கெட்டுப்போகும்.)

24 லிட்டர் என்று போட்டிருக்கிறது, வந்தது பாதி. முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் இந்த வித்தியாசத்துக்குள் ஒரு ஒழுங்கு இருப்பது தெரிகிறது. எஃப்எஸ்ஸை க்யூடிஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். காகிதத்தில் 45-ஐ 0.45-ஆல் வகுத்தால் 100. அளந்ததில் 62-ஐ 0.62-ஆல் வகுத்தாலும் 100. அதாவது காந்தம், காயில், கூம்பின் எடை எல்லாம் காகிதத்தில் சொன்னபடியே இருக்கின்றன. மாறியிருப்பது ஒன்றுதான்: கூம்பைத் தாங்கும் ஸ்பைடரும் ஓர ரப்பரும் சொன்னதைவிட விறைப்பு. புது டிரைவரில் இது வழக்கம். கொஞ்ச நாள் ஓடினால் ஓரளவு தளரும், முழுவதும் தளர்ந்து 45-க்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த வகுத்தல் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். விறைப்பு எவ்வளவு மாறினாலும் எஃப்எஸ்ஸும் க்யூடிஎஸ்ஸும் சேர்ந்தே ஏறி இறங்கும், விகிதம் அசையாது. அந்த விகிதம் மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். எஃப்எஸ் அதே 45-இல் இருந்து க்யூடிஎஸ் மட்டும் 0.62 என்று வந்திருந்தால் காந்தம் பலவீனம் என்று பொருள். அது உண்மையான ஏமாற்று. இது அப்படி இல்லை.

அப்படியானால் தொப்பி ஏன் ஊதியது? இங்கேதான் பெட்டியின் வகை முக்கியமாகிறது. மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே பெரிய ஸ்பிரிங். டிரைவரின் சொந்த விறைப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் காற்று அதை மறைத்துவிடும். 15 லிட்டர் மூடிய பெட்டியில் காகித எண்ணைப் போட்டால் ஒத்ததிர்வு 73 ஹெர்ட்ஸ், க்யூ 0.73. அளந்த எண்ணைப் போட்டால் 84 ஹெர்ட்ஸ், க்யூ 0.84. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் குடி முழுகிப் போகாது. போர்ட் வைத்த பெட்டியில் கதையே வேறு. அங்கே போர்ட்டும் டிரைவரும் ஒன்றோடு ஒன்று இழைந்து போக வேண்டும். 0.62 க்யூடிஎஸ் உள்ள டிரைவரைச் சின்னப் பெட்டியில் போர்ட்டோடு வைத்தால் நடு பேஸில் ஒரு மேடு எழும். அந்த மேட்டில்தான் தொப்பி போய் உட்கார்ந்திருந்தது.

தம்பியின் பழைய பருத்திச் சட்டையைச் சுருட்டி போர்ட்டுக்குள் திணித்தோம். பேஸ் கொஞ்சம் குறைந்தது, ஆனால் வீக்கம் அடங்கி ஒழுங்கானது. செலவு பூஜ்யம்.

என் பழைய பதிவில் 'இந்த ஊஃபர் போர்ட் பெட்டிக்கு ஏற்றது' என்று ஒரு வரி இருக்கிறது. எஃப்எஸ்ஸைக் க்யூஇஎஸ்ஸால் வகுத்து 90 வந்ததால் எழுதினேன். 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட் என்பது வழக்கமான கட்டைவிரல் விதி. இப்போது யோசித்தால், விறைப்பு மாறினாலும் மாறாத அந்தப் பொல்லாத விகிதத்தைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். எனவே அந்த விதி இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கவே முடியாது. மலிவு டிரைவரை அளக்க வசதி இல்லாத ஒருவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது: மூடிய பெட்டி செய்யுங்கள், அது காகிதப் பொய்யை மன்னிக்கும்.

92-ம் 92-ம்

அடுத்தது சென்சிட்டிவிட்டி. ஊஃபர் 92 டெசிபல். ட்வீட்டரும் 92 டெசிபல். 'இரண்டும் பொருந்திவிட்டதால் ரெசிஸ்டர் செலவு மிச்சம்' என்று நான் எழுதியிருந்தேன். ஜாதகம் பார்க்காமலே பத்துப் பொருத்தமும் சரி என்று சொன்ன மாதிரி.

அந்த 92 உண்மையா என்று சோதிக்க மைக்கூடத் தேவையில்லை. அதே காகிதத்தில் இருக்கும் மற்ற எண்களே போதும். எஃப்எஸ்ஸின் மும்மடியை விஏஎஸ்ஸால் (லிட்டரில்) பெருக்கி, க்யூஇஎஸ்ஸால் வகுத்து, அதை 0.000000000964-ஆல் பெருக்கினால் டிரைவரின் திறன் வரும். இந்த ஊஃபருக்கு அது 0.0042, அதாவது அரை சதவீதத்துக்கும் கீழே. மீதி எல்லாம் காயிலில் சூடு. டெசிபலாக மாற்றினால் ஒரு வாட்டுக்கு 88.3. காயிலின் நேர் மின்தடை 5.8 ஓம் என்பதால் 2.83 வோல்ட் கொடுக்கும்போது ஒரு வாட்டுக்கும் கொஞ்சம் அதிகமாகவே போகிறது. அதைச் சேர்த்தாலும் 89.7-தான். 92 என்பது எந்த வழியில் போனாலும் வரவில்லை. காகிதம் தன்னைத்தானே மறுக்கிறது. நான்கு நிமிடக் கணக்கு. நான் போடவில்லை.

அதோடு முடியவில்லை. டேட்டா ஷீட் எண் பெரிய சுவர் போன்ற பலகையில் டிரைவரை வைத்து அளந்தது. வீட்டுப் பெட்டியின் முகப்பு அகலம் 23 சென்டிமீட்டர். 115-ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால் 500 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணுக்கு மேலே ஒலி முன்பக்கமாகப் போகும், கீழே போகப் போகப் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் கசியும். முழுதாகக் கசிந்தால் 6 டெசிபல் இழப்பு. வீட்டில் பின்சுவர் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பதால் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, ஊஃபரின் பேஸ் பகுதி நிஜத்தில் 86 டெசிபல் அக்கம்பக்கம். பக்கத்தில் ட்வீட்டர் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் 92. 6 டெசிபல் தூக்கல். 'ஸ' குத்தாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்து இரண்டு ரெசிஸ்டர்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 6 டெசிபல் குறைக்க, தொடராக 4 ஓம், ட்வீட்டருக்குக் குறுக்கே 8 ஓம். ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு நான்கு ரெசிஸ்டர், 10 வாட்ஸ் வகை. அன்று மாலையே மாட்டினோம். பாதி குத்தல் போய்விட்டது. பாதிதான்.

வாட்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80 வாட்ஸ் என்பது காயில் கருகாமல் தாங்கும் அளவு. சத்தத்துக்கு அது வாக்குறுதி இல்லை. கீழே இறங்க இறங்கக் கூம்பு எவ்வளவு தூரம் அசையும் என்பதுதான் எல்லை. ஆறரை இன்ச் ஊஃபரின் பரப்பு சுமார் 133 சதுர சென்டிமீட்டர், ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர் அசைவு என்றால் மூடிய பெட்டியில் 80 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டரில் 99 டெசிபல் கிடைக்கும். 40 ஹெர்ட்ஸில் 87-தான். ஒரு ஆக்டேவ் கீழே போனால் 12 டெசிபல் போயிற்று. 80 வாட்ஸை 150 வாட்ஸ் ஆக்கினாலும் இது மாறாது. வாங்கும்போது வாட்ஸுக்குப் பக்கத்தில் 'எக்ஸ்மேக்ஸ்' என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதை அச்சடிக்காத கம்பெனி எதையோ சொல்ல விரும்பவில்லை.

இரண்டாவது பிழை: தனித்தனியாக மதிப்பெண் போட்டது

என் பதிவில் ஊஃபர்களுக்கு ஒரு வரிசை, ட்வீட்டர்களுக்கு ஒரு வரிசை. இரண்டிலும் முதலிடம் வந்தவற்றைச் சேர்த்து 'என் தேர்வு' என்றேன். இதுதான் மூன்றிலும் மோசமான பிழை.

அந்த ட்வீட்டர் தனியாகப் பார்த்தால் கெட்டதில்லை. ஒரு இன்ச் டோம், சின்ன நியோடிமியம் காந்தம், மேலே 18 கிலோஹெர்ட்ஸ் வரை நேராகப் போகிறது. ஆனால் அதன் எஃப்எஸ் 1,500 ஹெர்ட்ஸ். சின்னக் காந்தம், பின்னால் காற்றறை இல்லை, அதனால் அப்படி. ஒரு ட்வீட்டரை அதன் எஃப்எஸ்ஸுக்குக் குறைந்தது இரண்டு மடங்குக்கு மேலேதான் வெட்ட வேண்டும் என்பது பொது விதி. அப்படியானால் 3 கிலோஹெர்ட்ஸ். தம்பி வாங்கிய ரெடிமேட் போர்டில் எழுதியிருந்தது 2 கிலோஹெர்ட்ஸ். 3-லிருந்து 2-க்கு இறங்கினால் அதே சத்தத்துக்கு டோம் இரண்டேகால் மடங்கு அதிகம் அசைய வேண்டும். ரெசிஸ்டர் போட்ட பிறகும் மீதமிருந்த குத்தல் அந்தத் திணறல்தான்.

சரி, 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டிவிடலாமே? ஊஃபர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறரை இன்ச் ஊஃபரின் கூம்பு விட்டம் 13 சென்டிமீட்டர். ஒலியின் அலைநீளம் அந்த அளவுக்கு வருவது 2,640 ஹெர்ட்ஸில். அதற்கு மேலே ஊஃபர் டார்ச் லைட் மாதிரி நேராக மட்டும் அடிக்கும். பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி போய்விடும். அதே இடத்தில் ட்வீட்டர் நாலா பக்கமும் விரிகிறது. நேர் எதிரே மைக் வைத்தால் கோடு சமமாக இருக்கும், அறையில் கேட்டால் குரல் ஒட்டாது. சுவரிலும் தரையிலும் பட்டு வரும் ஒலியும் சேர்ந்துதானே காதுக்கு வருகிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் தொடங்கி ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் நடத்திய கேட்டல் சோதனைகளின் சாரம் இதுதான்: நேர்க்கோட்டு ஒலி மட்டுமல்ல, பக்கவாட்டு ஒலியும் ஒழுங்காக இருக்கும் ஸ்பீக்கரையே மறைத்து வைத்துக் கேட்கும்போது பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆக, இந்த ஊஃபருக்கு 800 ஹெர்ட்ஸ் எஃப்எஸ் உள்ள, பெரிய காந்தமும் பின்னறையும் கொண்ட சாதாரண பட்டு டோம் ட்வீட்டர் போதும். 2 முதல் 2.5 கிலோஹெர்ட்ஸில் தாராளமாக வெட்டலாம். மேலே 18 கிலோஹெர்ட்ஸில் கொஞ்சம் தொங்கினாலும் பரவாயில்லை. என் பட்டியலில் அப்படி ஒன்று நான்காம் இடத்தில் இருந்தது. விலையும் குறைவு. 'பளபளப்பு போதாது' என்று எழுதி ஒதுக்கியிருக்கிறேன். இன்று படிக்க வெட்கமாக இருக்கிறது. அந்த நியோடிமியம் ட்வீட்டருக்கும் ஒரு நல்ல வாழ்வு உண்டு. நாலு இன்ச் ஊஃபரோடு சேர்த்து 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டினால் இரண்டும் இணங்கிப் போகும். பொருள் நல்லது, இடம் தப்பு.

ஜோடி பார்க்கும்போது இன்னொன்று: இரண்டின் மையங்களுக்கும் இடையே உள்ள தூரம் வெட்டும் அதிர்வெண்ணின் ஒரு அலைநீளத்துக்குள் இருந்தால் நல்லது. 2.5 கிலோஹெர்ட்ஸுக்கு அது 13.7 சென்டிமீட்டர். ஆறரை இன்ச் ஊஃபரின் சட்டம் 16.5, ட்வீட்டர் முகம் 10.4 சென்டிமீட்டர் என்றால் ஒட்டி வைத்தாலும் 13.45. மயிரிழையில் தப்பிக்கிறோம். வீட்டில் எட்டு இன்ச் போடலாமா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கவும்.

மூன்றாவது பிழை: பணத்தை எங்கே போட்டது

12,000-இல் 8,500 ரூபாயை நான் டிரைவருக்கு ஒதுக்கியிருந்தேன். கிராஸ்ஓவருக்கு 'கடையில் கிடைக்கும் போர்டு போதும்' என்று ஒரே வரி. டிரைவர்தான் ஸ்பீக்கர், மற்றதெல்லாம் துணை என்ற நினைப்பு.

இதற்கு மாற்று உதாரணமாக எனக்குத் தோன்றுவது பிபிசியின் எல்எஸ்3/5ஏ. வெளிப்புற ஒளிபரப்பு வேன்களுக்குள் வைக்க 1970-களில் அவர்களே வடிவமைத்த குட்டி மானிட்டர். சுமார் 5 லிட்டர், மூடிய பெட்டி. உள்ளே இருந்தது கெஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபர், டி27 ட்வீட்டர். வானத்திலிருந்து இறங்கியவை இல்லை, அந்தக் கால வீட்டுத் தயாரிப்பாளர்களும் வாங்கிப் பெட்டி செய்த டிரைவர்கள். சென்சிட்டிவிட்டி 83 டெசிபல் அளவுதான். 1976-இல் பிபிசி ஆராய்ச்சித் துறை அதன் வடிவமைப்பு பற்றி வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் உழைப்பு எங்கே போனது என்று தெரியும்: குறுக்கு வடிகட்டி, பெட்டிப் பலகையின் அதிர்வைக் கட்டுப்படுத்துவது, ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளி ஒட்டுவது. கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் அளவைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியே வைத்திருந்தார்கள், ஏனென்றால் ஒரு டிரைவர் போல இன்னொன்று இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். பெயரின் கடைசியில் அந்த 'ஏ' வந்ததற்கும் அதுதான் காரணம். முதலில் செய்த எல்எஸ்3/5-க்குப் பிறகு டிரைவர்களில் மாற்றம் வந்ததால் வடிவமைப்பையே திருத்த வேண்டியிருந்தது.

பிபிசிக்கே காகிதத்தை நம்ப முடியவில்லை. நான் நம்பினேன்.

எல்எஸ்3/5ஏ-வைத் தெய்வமாக்கும் கூட்டத்தில் நான் இல்லை. பேஸ் குறைவு, சத்தமாகப் போட்டால் திணறும். ஆனால் சுமாரான டிரைவரும் அளந்து செய்த கிராஸ்ஓவரும், விலை உயர்ந்த டிரைவரையும் பொதுப் போர்டையும் வெல்லும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ரெடிமேட் போர்டு ஊஃபரை 8 ஓம் ரெசிஸ்டர் என்று நினைத்துக்கொள்கிறது. காயிலின் இண்டக்டன்ஸால் நம் ஊஃபர் 2 கிலோஹெர்ட்ஸில் 13 ஓம் காட்டியது. போர்டில் அச்சடித்த 2 கிலோஹெர்ட்ஸ் எந்த டிரைவருக்கும் பொருந்தாத ஒரு எண்.

இன்று எழுதினால் பங்கீட்டை மாற்றுவேன். 12,000-இல் டிரைவருக்கு 5,500-க்கு மேல் வேண்டாம். கிராஸ்ஓவர் பாகங்களுக்கு 3,000. இண்டக்டரை எனாமல் கம்பி வாங்கி வீட்டிலேயே சுற்றலாம், ட்வீட்டர் பாதையில் மட்டும் பாலிப்ரொப்பிலின் கெப்பாசிட்டர் போதும். பலகைக்கும் பஞ்சுக்கும் 2,000. மீதியைக் கையில் வையுங்கள். முதல் முயற்சியில் எதுவும் சரியாக வராது, மாற்றிப் பார்க்கக் காசு வேண்டும். அளக்கும் மைக்கை ஒருவர் வாங்கினால் நான்கு பேர் பயன்படுத்தலாம்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

அளக்க வழியில்லாதவர் கடையில் நின்றுகொண்டு என்ன செய்வார்? என் புதுப் பட்டியலில் டிரைவர் பெயரே கிடையாது, கேள்விகள்தான்.

இம்பீடன்ஸ் கோடு அச்சடித்திருக்கிறதா? அழகாக்கிக் காட்டக் கடினமான கோடு அது. பேஸ் பக்கம் ஒரு மலை, பிறகு சீரான ஏற்றம் இருக்க வேண்டும். நடுவில் 800, 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் சின்னச் சுருக்கம் தெரிந்தால் அங்கே கூம்பின் ஓரம் தனியாக ஆடுகிறது என்று அர்த்தம். ஒலிக்கோட்டில் அதே இடத்தில் மேடு பள்ளம் தேடுங்கள்.

ஒலிக்கோட்டின் இடப்பக்க அளவுகோல் என்ன? 50 டெசிபல் உயரத்தில் வரைந்தால் கரடுமுரடாகத் தெரியும் அதே டிரைவர், 100 டெசிபல் உயரத்தில் வரைந்தால் வழுவழுப்பாகத் தெரியும். வழுவழுப்புக்கு மயங்காமல் அளவுகோலைப் பாருங்கள். 30, 60 டிகிரி கோடுகளும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு மதிப்பெண் கூட.

ஊஃபரின் உடைவு எங்கே? உலோகக் கூம்பு என்றால் 5 கிலோஹெர்ட்ஸ் போல எங்கோ ஒரு கூர்மையான உச்சி இருக்கும். அதை அடக்கக் கிராஸ்ஓவரில் கூடுதல் பாகங்கள் வேண்டும். முதல் முறை செய்பவருக்குக் காகிதக் கூம்பே போதும். தானாகவே மெல்ல இறங்கும்.

ட்வீட்டர் எஃப்எஸ் என்ன, அதை இரண்டால் பெருக்கிய இடத்தில் ஊஃபர் இன்னும் விரிந்துதான் ஒலிக்கிறதா? இந்த ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று வராத ஜோடியை, தனித்தனியாக எவ்வளவு புகழ் பெற்றிருந்தாலும், வாங்காதீர்கள்.

கடைசியாக, இந்த ஜோடியை யாராவது அளந்து, கிராஸ்ஓவர் வரைபடத்தோடு வெளியிட்டிருக்கிறார்களா? பால் கார்மோடியின் 'ஓவர்நைட் சென்சேஷன்ஸ்', 'கிளாசிக்ஸ் 2' போன்ற வடிவமைப்புகள் குறைந்த விலை டிரைவர்களை வைத்தே செய்யப்பட்டவை. முதல் ஜோடிக்கு இப்படி ஒன்றை மாற்றாமல் செய்வதில் எந்த அவமானமும் இல்லை. அதில் உள்ள டிரைவர் கிடைக்கவில்லை என்று 'அதே மாதிரி' ஒன்றைப் போட்டால் மட்டும் அது அந்த வடிவமைப்பு இல்லை. பிபிசி 'ஏ' போட்ட கதைதான்.

பின்குறிப்பு போல

ஈரோட்டுத் தம்பியின் பெட்டிகள் இப்போது மூடிய பெட்டிகள். போர்ட் ஓட்டையைப் பலகை வட்டம் வைத்து நிரந்தரமாக அடைத்துவிட்டார். ட்வீட்டரை மாற்றினோம். புது ட்வீட்டருக்கான காசை நான் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார். "அண்ணா, மைக்கை ரெண்டு வாரம் கொடுங்க, அது போதும்" என்றார். கொடுத்தேன். அதிகாலை ஐந்து மணிக்கு, தெரு அடங்கியிருக்கும்போது, மொட்டை மாடியில் ஸ்டூல் மேல் பெட்டியை வைத்து அளந்து, கோடுகளை அனுப்பினார். விட்யூக்ஸ்கேடில் கிராஸ்ஓவரை இரண்டு பேரும் நான்கு முறை மாற்றினோம். நான்காவதில் குரல் பெட்டியை விட்டு வெளியே வந்து நடுவில் நின்றது. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் பெரிதாக இல்லை. அதை அவர் ஏற்றுக்கொண்டார். அம்மா இப்போது ஆஃப் பண்ணச் சொல்வதில்லையாம்.

அந்தப் பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அதன் தலையில் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: இந்தப் பட்டியலைப் பார்த்து எதையும் வாங்க வேண்டாம், முதலில் இந்தப் பதிவைப் படிக்கவும். அதை நம்பி வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். சட்டை, ரெசிஸ்டர், களிமண் இவற்றிலேயே பாதி சரியாகிவிடும். மீதிக்கு மைக் இருக்கிறது, ஈரோட்டிலிருந்து திரும்பி வந்ததும் அனுப்புகிறேன்.